ரிப்பீட்டர் மாட்டியும் படுக்கையறையில் வைஃபை வேகம் ஏறவில்லை

கேள்வி:
ரவுட்டர் ஹாலில், டிவி அலமாரிக்குள் இருக்கிறது. பக்கத்தில் நின்றால் 200 எம்பிபிஎஸ். இரண்டு சுவர் தாண்டிய படுக்கையறையில் சிக்னல் -82 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது), வேகம் 6. அங்கேயே ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவி) மாட்டியாயிற்று. போனில் கோடு முழுசாகக் காட்டுகிறது, வேகம் மட்டும் அதே 6. ரிப்பீட்டர் கோளாறா?

பதில் 1:
கோளாறு இல்லை, இடம்தான் தப்பு. நீங்கள் பார்க்கும் கோடு போனுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவில் உள்ளது மட்டும். ரிப்பீட்டருக்கே -82தான் வந்து சேருகிறது என்றால் அது எதைப் பெருக்கும்? ரிப்பீட்டரை அணைத்துவிட்டு, வைஃபை அனலைசர் ஆப்போடு ரவுட்டரிலிருந்து நடந்து வாருங்கள். -65 காட்டும் இடத்தில் மாட்டுங்கள். பெரும்பாலும் அது முதல் சுவரை ஒட்டி இருக்கும்.

அதற்கும் முன்னால் ரவுட்டரை அலமாரியை விட்டு வெளியே எடுங்கள். உயரமான இடம், ஆன்டெனா செங்குத்தாக. ஆன்டெனாவை அறையைக் குறிபார்த்து நீட்டாதீர்கள். நுனி காட்டும் திசையில்தான் சிக்னல் மிகக் குறைவு.

பதில் 2:
ஒரே பேண்டில் (2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை) வாங்கி அதே பேண்டில் கொடுக்கும் ரிப்பீட்டர் என்றால் எங்கே வைத்தாலும் வேகம் ஏறக்குறைய பாதிதான். வயர் இழுக்க வழி இருந்தால் பழைய 5 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் ஒன்றே போதும், அதை ஆக்சஸ் பாயின்ட் (வயரில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் கருவி) ஆக்கிவிடலாம்.

முதலில் அதைத் தனியாகக் கணினியில் இணைத்து அதன் ஐபியை (நெட்வொர்க் முகவரி எண்) 192.168.1.2 என்று மாற்றுங்கள் (மெயின் ரவுட்டர் 192.168.1.1 என்றால்). பிறகு டிஹெச்சிபியை (போன், கணினிக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் வசதி) அணையுங்கள். கடைசியாக, லேன் போர்ட்டிலிருந்து லேன் போர்ட்டுக்கு கேட் 6 கேபிள். வேன் போர்ட் (இன்டர்நெட் லைன் மாட்டும் துளை) காலியாகவே இருக்கட்டும். டிஹெச்சிபியை மறந்தால் இரண்டு ரவுட்டரும் முகவரி கொடுக்கத் தொடங்கும். ஒரு போனில் நெட் வரும், இன்னொன்றில் வராது, காரணம் லேசில் பிடிபடாது.

வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றே. சேனல் மட்டும் வேறு: 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 6 அல்லது 11. அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்.

கேட்டவர்:
ரிப்பீட்டரை நகர்த்தியதும் 45 வந்தது. இப்போது கேபிளே இழுத்தாயிற்று, ஆனால் 94க்கு மேல் நகரவில்லை.

பதில் 2:
94 என்பது அடையாளமே: இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் நிற்கிறது. அதற்கு 4 கம்பி போதும், கிகாபிட்டுக்கு 8ம் வேண்டும். குட்டையான ரெடிமேட் கேபிளை மாட்டிப் பாருங்கள். அப்போதும் 94 என்றால் ஏதோ ஒரு ரவுட்டரின் போர்ட்டே 100தான். வேகம் ஏறினால் நீங்கள் இழுத்த கேபிளின் கிரிம்ப் (நுனியில் பிளக் அடித்தது) சரியில்லை: 4, 5, 7, 8 கம்பிகளில் ஏதோ ஒன்று தொடவில்லை. இரு நுனியையும் வெட்டி, ஒரே நிற வரிசையில் மறுபடி அடியுங்கள்.

கேட்டவர்:
குட்டை கேபிளில் 190. படுக்கையறைப் பக்க நுனியில் பழுப்புக் கம்பி உள்ளே போகவே இல்லை. வெட்டிவிட்டேன்.