ரோலர் கோஸ்டரில் போன், செருப்பு பறக்குது: மெட்டல் டிடெக்டர் வைக்கலாமா?

சில்வர்பீச்_ஸ்டால்:
கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் கோடைப் பொருட்காட்சிக்கு சின்ன ரோலர் கோஸ்டர் ஒன்று இறங்குகிறது. உச்சி 12 மீட்டர், அடுத்த மேடு 6 மீட்டர். ஒரே ரயில், 12 சீட், ரவுண்டு 2 நிமிடம். சட்டைப் பையில் போனோடு ஏறுகிறவர்களை எப்படித் தடுப்பது? அமெரிக்காவில் ஆர்லாண்டோ யுனிவர்சல் பூங்காவில் பெரிய கோஸ்டர்களுக்கு மெட்டல் டிடெக்டர் தாண்டித்தான் விடுகிறார்கள். அதேபோல ஆள் நுழைந்து போகிற டோர் ஃபிரேம் டிடெக்டர் வாங்கலாமா, கையில் பிடிக்கிறதே போதுமா? மணல் தரை, பக்கத்தில் ஜெனரேட்டர். வேலியிலிருந்து 5 மீட்டரில் பஜ்ஜிக் கடைக்கு இடம் ஒதுக்கியாச்சு.

ராட்டினம்_ஃபிட்டர்:
டிடெக்டர் கிடக்கட்டும் சார், முதலில் அந்த பஜ்ஜிக் கடையைத் தள்ளிப் போடுங்கள்.

கணக்கு இதுதான். 6 மீட்டர் மேட்டில் ரயில் மணிக்கு 36 கி.மீ. போனால் விநாடிக்கு 10 மீட்டர். அங்கே நழுவுகிற போன் தரைக்கு வர 1.1 விநாடி ஆகும். அதற்குள் 11 மீட்டர் முன்னால் போய்விடும். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 50 கி.மீ.க்கு மேல். நேராக எண்ணெய்ச் சட்டிதான். ரயில் ஓடும் திசையிலும் வளைவின் வெளிப்பக்கமும் குறைந்தது 15 மீட்டர் காலியாக வேண்டும்.

இடமில்லை என்றால் மேட்டுக்கு இறங்குமுகமாக வலை கட்டுங்கள். ஒரு அங்குலக் கண்ணுக்கு மேல் வேண்டாம். சாவியும் சில்லறையும் அதிலும் நழுவும், போன் நிற்கும். துறைமுகத்தில் கழித்துப்போட்ட பழைய வலை மலிவாகக் கிடைக்கும், ஆனால் வெயிலில் இற்ற நைலானை நம்ப முடியாது. சீட்டில் உட்கார்ந்தவர் கையை முழுசாக நீட்டினாலும் வலையில் படாத தூரம் இருக்கணும்.

பள்ளத்தில் ரயில் ஆளைச் சீட்டோடு அழுத்தும், மேட்டில் தூக்கும். மேல்பாக்கெட் போன் கிளம்புவது மேட்டில்தான். பின்பாக்கெட் பர்ஸ் வளைவில் நழுவி சீட் இடுக்குக்குப் போகும், பிரேக் பிடித்ததும் முன்னால் சறுக்கும்.

ஸ்கேனர்_பாண்டி:
புதுச்சேரியிலிருந்து. டோர் ஃபிரேம் உங்கள் இடத்துக்கு ஒத்துவராது. மணலில் கால் சமமாக நிற்காது, கடல்காற்றில் கொஞ்சம் ஆடினாலே கத்தும். இரும்பு வேலி, ஜெனரேட்டர் கேபிள் பக்கத்தில் இருந்தாலும் அதே கதை. சிமென்ட் பலகை போட்டு, இரும்பிலிருந்து ஒரு மீட்டராவது விலக்கினால்தான் ஒழுங்காக வேலை செய்யும்.

அதைவிடப் பெரிய சிக்கல் நம் ஆட்களிடம் இருக்கிற உலோகம். தாலிச் சங்கிலி, மெட்டி, கொலுசு, அரைஞாண் கொடி, பெல்ட் பக்கிள் எல்லாமே கத்தும். சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் சாவி தப்பிவிடும். கூட்டினால் வரிசை முழுக்கக் கத்தும், அரை மணி நேரத்தில் காவலாளி அந்தச் சத்தத்தைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

கத்தவே கத்தாத பொருட்களும் நிறைய: ரப்பர் செருப்பு, தண்ணீர் பாட்டில், தொப்பி, பிளாஸ்டிக் ஃபிரேம் கண்ணாடி. கையில் பிடிக்கிற டிடெக்டர் இரண்டு வாங்குங்கள், 9 வோல்ட் பேட்டரி கூடுதலாக வையுங்கள். காலையில் ஒரு போன், ஒரு சாவி, ஒரு சில்லறை வைத்துச் சோதித்துவிட்டுத் திறவுங்கள். பெண்களைப் பார்க்கப் பெண் ஊழியர் கட்டாயம்.

யுனிவர்சலின் நிலைமை வேறு. அங்கே 2017 வரை இருந்த டிராகன் சேலஞ்ச் கோஸ்டரில் இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று உரசுகிற மாதிரி நெருங்கிப் போனதுண்டு. ஒன்றிலிருந்து பறந்த பொருள் அடுத்த ரயிலில் இருந்தவர்களைத் தாக்கியதால், 2011-இல் இரண்டையும் ஒரே நேரத்தில் விடுவதையே நிறுத்தினார்கள். உங்களிடம் ஒரே ரயில்தான், ஆபத்து கீழே நிற்பவர்களுக்கு.

கடை_நம்பர்_9:
‘பொருட்கள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல’ன்னு போர்டு மாட்டினா முடிஞ்சுதே, எதுக்கு இவ்வளவு செலவு?

ராட்டினம்_ஃபிட்டர்:
போன் தொலைத்தவருக்குப் போர்டு சரி அண்ணே. அந்தப் போன் யார் தலையில் விழுதோ அவர் டிக்கெட்டே வாங்கலையே.

பிளாட்ஃபார்ம்_அக்கா:
சோதனையை விட, வைக்க இடம் இருக்கா என்பதுதான் கேள்வி. இடம் இல்லாவிட்டால் ஒளித்துக்கொண்டு ஏறத்தான் செய்வார்கள். அதே யுனிவர்சலில் 2021-இல் திறந்த வெலாசிகோஸ்டரில் லாக்கர் இருபக்கமும் திறக்கும்: போகும்போது இந்தப் பக்கம் வைத்து, வரும்போது அந்தப் பக்கம் எடுக்கலாம். நமக்கு அவ்வளவு வேண்டாம். இறங்குகிற பக்கத்தில் சீட் நம்பர் போட்ட தட்டுகள் போதும். ஏறுகிறவர் ரயிலைக் கடந்து தட்டில் வைத்துவிட்டு வந்து உட்காரட்டும். சீட் 7 என்றால் தட்டு 7, டோக்கனே தேவையில்லை (அந்த டோக்கனும் பறக்குமே!). முந்தைய ரவுண்டு ஆட்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டு வெளியேறும் வரை ஏறுகிற கேட்டைத் திறக்கக் கூடாது, இல்லையென்றால் போன் மாறிப் போகும். தட்டுப் பக்கம் ஒரு ஆள் நிற்கணும், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

ஒருவருக்கு 15 விநாடி சோதனை என்றால் 12 பேருக்கு 3 நிமிடம், ரயில் சும்மா நிற்கும். அதனால் ரயில் ஓடும் 2 நிமிடத்திலேயே அடுத்த 12 பேரைக் கேட்டுக்கு வெளியே இரண்டு ஊழியர்கள் பிரித்துப் பார்த்து முடிக்கணும். ‘ஏதாவது இருக்கா?’ன்னு கேட்டால் எல்லாரும் இல்லை என்பார்கள். ‘போன் எங்கே?’ன்னு கேளுங்கள், கை தானாக அங்கே போகும். வேட்டி மடி, முந்தானை முடிச்சு, இடுப்பில் செருகின சுருக்குப்பை மூன்றையும் தனியாகக் கேட்கணும். துப்பட்டா கழற்றித் தட்டில், முந்தானை இழுத்துச் செருகி. அது பறப்பதை விட சக்கரத்தில் சிக்குவதுதான் பயம்.

சில்வர்பீச்_ஸ்டால்:
நன்றி மேடம், தட்டு ஏற்பாடே செய்கிறோம். கடையை எதிர்ப்பக்கம் மாற்றச் சொல்லியாச்சு. இவ்வளவுக்கும் மேல் ஏதாவது விழுந்தால்?

ராட்டினம்_ஃபிட்டர்:
வேலிக்குள் விழுந்ததை ராத்திரி மூடின பிறகுதான் எடுக்கணும். சொந்தக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் அவரை உள்ளே விடக் கூடாது. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் 2015-இலும் 2024-இலும் தவறவிட்ட பொருளைத் தேடி வேலிக்குள் போனவர்கள் ஓடுகிற ரயில் அடித்து இறந்திருக்கிறார்கள். இரண்டுமே கால் தொங்குகிற இன்வர்டெட் கோஸ்டர்.

தண்டவாளத்திலோ செயின் ஓடும் இடத்திலோ விழுந்தது என்று சந்தேகம் வந்தால் அடுத்த ரயிலை விடாதீர்கள். ஆட்களை இறக்கி, மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டு போட்டு, சாவியை உள்ளே போகிறவர் தன் பையில் வைத்துக்கொள்ளணும். செயின், சக்கரங்கள், பிரேக் கட்டை மூன்றையும் பார்த்தபின் காலி ரயில் ஒரு ரவுண்டு. அதில் சத்தம் வித்தியாசமாகக் கேட்டால் திரும்பவும் பூட்டு.