மறு: பவர் கன்சிஸ்டன்சி – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

காரைக்குடியிலிருந்து, திங்கள் இரவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏர் ரைபிள் பயிற்சி நடக்கிறது. அதற்குத் தமிழில் பதினாறு பக்கத்தில் கையேடு எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். பதினைந்து பக்கம் முடிந்தது. 'பவர் கன்சிஸ்டன்சி' என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். பி.சி.பி. வகைத் துப்பாக்கியில் காற்றை முன்கூட்டியே சிலிண்டரில் அடைத்து வைக்கிறோம். உள்ளே அழுத்தம் 200 பார் வரை போகும். கார் டயரில் இருப்பதைப் போலத் தொண்ணூறு, நூறு மடங்கு. விசையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தி போய் வால்வைத் தட்டும். வால்வு கண்ணிமைப்பதற்குள் திறந்து மூடும். அந்த இடைவெளியில் வந்த காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் சிலிண்டரில் அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும். ஆனாலும் முதல் குண்டும் நாற்பதாவது குண்டும் ஒரே மாதிரி போக வேண்டும். அந்த 'ஒரே மாதிரி'க்குத்தான் சொல் கேட்கிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாய்விட்டுப் படிக்கும்படி இருந்தால் நல்லது.

தேவகோட்டை, செவ்வாய் காலை

தம்பி, முதலில் துப்பாக்கியே தமிழில்லை. துருக்கியிலிருந்து வந்த சொல். துமுக்கி என்று எழுதிப் பழகுங்கள்.

காற்று என்பதைவிட வளி பொருத்தம். 'வளிதொழில் ஆண்ட உரவோன் மருக' என்று கரிகாலனை வெண்ணிக்குயத்தியார் பாடுகிறார் (புறம் 66). அங்கே வளி சும்மா வீசுகிற காற்றன்று, நாவாய் ஓட்ட வேலை வாங்கப்பட்ட காற்று. உங்கள் சிலிண்டரில் இருப்பதும் வேலை வாங்கப்படுகிற காற்றுதானே? வள்ளுவரும் வளி முதலா எண்ணிய மூன்று 'மிகினும் குறையினும் நோய்செய்யும்' என்றார். உங்கள் சிக்கல் முழுக்க அதற்குள் அடங்கிவிட்டது. ஆகவே 'வளியொருமை'.

வால்வுக்கு ஓரதர். அதர் என்றால் வழி. ஒருபக்கம் மட்டும் விடும் வழி.

கோட்டையூர், செவ்வாய் பகல்

ஐயாவுக்கு வணக்கம். 'துமுக்கியின் ஓரதர் திறக்க வளியொருமை பேணுக' என்று அச்சடித்தால் பிள்ளைகள் கடவுள் வாழ்த்து என்று நினைத்து எழுந்து நின்றுவிடுவார்கள்.

நான் சனி ஞாயிறுகளில் சுடுகிறவன், அதனால் கொஞ்சம் கணக்கு. வளி ஒன்றாக இல்லை, அதுதான் பிரச்சினையே! உள்ளே அழுத்தம் மாறிக்கொண்டே இருக்கிறது, வெளியே போகிற குண்டு மட்டும் மாறக் கூடாது. சொல் குண்டைச் சுட்ட வேண்டுமே தவிரக் காற்றைச் சுட்டக் கூடாது.

இரண்டாவது, 'பவர்' என்று நாம் சொல்வது பவரே இல்லை. பள்ளிப் பாடநூலில் பவர் என்றால் திறன், வாட்டில் அளப்பது. துப்பாக்கிக்காரர்கள் பேசுவது ஜூல் கணக்கு, அதாவது ஆற்றல். 0.53 கிராம் குண்டு நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் ஏறக்குறைய 7.7 ஜூல். 165 என்றால் 7.2. வேகம் நூற்றுக்கு மூன்று குறைந்தால் ஆற்றல் நூற்றுக்கு ஆறு குறையும்.

இதற்கா இத்தனை கூப்பாடு என்று கேட்பவர்களுக்கு: 10 மீட்டர் போவதற்குள் 170இல் கிளம்பிய குண்டு சுமார் 17 மில்லிமீட்டர் கீழே இறங்கும். 165இல் கிளம்பியது 18. காற்றின் இழுப்பை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர். போட்டி அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே அரை மில்லிமீட்டர்தான்.

கோலாலம்பூர் (சொந்த ஊர் பள்ளத்தூர்), செவ்வாய் இரவு

விசைச் சீர்மை. சொல்ல எளிது. அப்புறம் ஒரு செய்தி: 1780 வாக்கிலேயே ஜிரார்டோனி செய்த காற்றுத் துப்பாக்கி ஆஸ்திரியப் படையில் இருந்தது. பின்கட்டையே காற்றுக் குப்பி. கையால் அடித்து நிரப்ப வேண்டும். சுடச்சுட வேகம் இறங்கும். ஆக இந்தப் பிரச்சினைக்கு வயது இருநூற்று நாற்பது, நாம் நான்கு நாளில் பெயர் வைக்கப் பார்க்கிறோம்.

யாழ்ப்பாணம், செவ்வாய் இரவு

துப்பாக்கி எங்களுக்குத் துவக்குத்தான். நீங்கள் 'அமைச்சர் விழாவைத் துவக்கி வைத்தார்' என்று எழுதும்போதெல்லாம் எனக்குப் பதறும்.

காரைக்குடி, புதன் காலை

கோலாலம்பூர் அண்ணே, விசை ஒத்துவராது. சுடுகிறவனுக்கு விசை என்றால் விரல் வைக்கிற இடம். 'விசைச் சீர்மை' என்றால் டிரிக்கர் ஒவ்வொரு முறையும் ஒரே எடையில் விடுபடுகிறதா என்று பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். அதுவும் ஒரு தனிப் பாடம், ஒன்பதாம் பக்கத்தில் வருகிறது.

ஆற்றல் சீர்மை என்று போடட்டுமா?

தேவகோட்டை, புதன் காலை

ஆற்றற்சீர்மை. 'லள வேற்றுமையில் றடவும்' என்பது நன்னூல் விதி.

கோட்டையூர், புதன் காலை

> ஆற்றற்சீர்மை

பன்னிரண்டு வயது, வாய்விட்டுப் படிக்க வேண்டும் ஐயா.

கானாடுகாத்தான், புதன் பிற்பகல்

தம்பிமார்களே, மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சுடுவது பற்றி எனக்குத் தெரியாது. முப்பது வருஷம் வேதியியல் நடத்தியிருக்கிறேன், அதைவிட அதிக நாள் பணியாரம் ஊற்றியிருக்கிறேன்.

சீர் என்றாலே நம் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பாத்திரங்களைப் பரப்பி வைப்பது. 'ஆற்றல் சீர்' என்றால் பெண் வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். சரி, அது என் குறும்பு. ஒரே அளவில் வரிசையாக அடுக்கியிருப்பதுதான் அதற்கும் அழகு என்பதால் விட்டுவிடுகிறேன்.

கன்சிஸ்டன்சிக்கு அடுப்படியில் பதம் என்போம், பாகுப் பதம், மாவுப் பதம். ஆனால் அது ஒரு பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பது. இங்கே கேட்பது அடுத்தடுத்து வருவது ஒத்திருக்கிறதா என்பது. அதற்கு நம்மிடம் இருக்கிற சொல் ஈடு. குழிப்பணியாரக் கல்லில் முதல் ஈடு உருப்படாது. கல் சரியாகக் காய்ந்திருக்காது, மாவு ஒட்டும், ஊசியால் நெம்பினால் பாதி குழியிலேயே தங்கும். அதைக் காக்காய்க்குப் போடுவோம். அப்புறம் ஐந்தாறு ஈடு பார்த்தாலே ஆசையாக வரும், விளிம்பு சிவந்து, நடு உப்பி, எல்லாம் ஒரே நிறத்தில். கடைசியில் சட்டியில் மாவு தீரும்போது பாருங்கள், ஒன்று கருகும், ஒன்று வேகாது. உங்கள் துப்பாக்கியும் அப்படியா, இல்லை முதல் குண்டிலிருந்தே இறங்குமுகம்தானா?

கோட்டையூர், புதன் மாலை

ஆச்சி, அப்படியே அதுதான்! ரெகுலேட்டர் இல்லாத துப்பாக்கியில் முழுக்க நிரப்பியதும் சுட்டால் குண்டு மெதுவாகத்தான் போகும். உள்ளே இருக்கிற அழுத்தம் வால்வை இறுக்கி மூடிப் பிடித்திருக்கும், சுத்தி தட்டினாலும் கொஞ்சம்தான் திறக்கும். அழுத்தம் இறங்க இறங்க வால்வு கூடுதல் நேரம் திறந்திருக்கும், வேகம் ஏறும். நடுவில் அழுத்தம் குறைவதும் வால்வு திறப்பது கூடுவதும் ஒன்றையொன்று ஈடுகட்டும். அங்கேதான் குண்டெல்லாம் ஒன்றுபோலப் போகும். அப்புறம் காற்றுக்கே தெம்பு போய்விடும். வரைபடத்தில் போட்டால் கவிழ்த்த சட்டி மாதிரி இருக்கும். அந்த நடுப்பகுதியை 'ஸ்வீட் ஸ்பாட்' என்பார்கள். இனிமேல் நான் 'நடு ஈடு' என்றுதான் சொல்லப் போகிறேன்.

தேவகோட்டை, புதன் இரவு

நடு என்பதில் உள்ளது முற்றியலுகரம். வருமொழி உயிர் முதல். வகர உடம்படுமெய் பெற்று 'நடுவீடு' ஆகும். நடுவீட்டுக் கோலத்தைத் துப்பாக்கிக்குள் போடப் போகிறீர்களா?

காரைக்குடி, வியாழன் காலை

ஐயா, சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நடு ஈடு போச்சு.

ஆனால் எங்கள் பயிற்சித் துப்பாக்கிகளில் ரெகுலேட்டர் உண்டு, அதையும் விளக்கியாக வேண்டும். கேஸ் அடுப்பு ரெகுலேட்டர் போலத்தான். சிலிண்டரில் எவ்வளவு இருந்தாலும் வால்வுக்கு முன்னால் உள்ள சின்ன அறையில் குறித்த அழுத்தத்துக்கு மேல் விடாது. சிலிண்டர் அதற்கும் கீழே இறங்கும் வரை வேகம் சமதரையாக ஓடும், இறங்கியபின் சரியும். ரெகுலேட்டரை ரெகுலேட்டர் என்றே வைத்துவிட்டேன், அதற்குச் சண்டை வேண்டாம். அடைப்பான் தேய்ந்தால் அந்தச் சின்ன அறைக்குள் காற்று துளித்துளியாக ஏறிக்கொண்டே இருக்கும். ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் எடுத்தால் முதல் குண்டு மட்டும் தனிப் போக்கில் போகும். பிள்ளைகள் தங்கள் கையைச் சந்தேகப்படுவார்கள். இங்கிலீஷில் 'கிரீப்'. நான் 'கசிவு' என்று எழுதியிருக்கிறேன்.

கானாடுகாத்தான், வியாழன் காலை

கசிவு என்றால் வெளியே போவது. இது உள்ளே வந்து சேர்வது. ராத்திரி கிணற்றில் நடப்பது. ஊறல்.

கோட்டையூர், வியாழன் காலை

ஊறல்!

தேவகோட்டை, வியாழன் பகல்

ஊறல் நன்று. மறுப்பில்லை. இதையொட்டி ஒன்று. நம் பக்கத்து ஊருணியைச் சிலர் 'ஊறணி' என்று எழுதி, ஊறுவதால் வந்த பெயர் என்கிறார்கள். தவறு. ஊர் உண்பது ஊருணி. 'ஊருணி நீர்நிறைந் தற்றே' என்ற குறளில் இடையின ரகரம்தான். ஆனால் அடியில் ஊற்று உள்ள குளங்களுக்கு மட்டும் ஊறணி என்ற தனிப்பெயர் முன்பு வழங்கியிருக்குமோ என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம். விரிவாக நாளை எழுதுகிறேன்.

கோலாலம்பூர், வியாழன் இரவு

தம்பி கேட்டது ஊருணிக்கு இல்லை. நாளை வெள்ளி.

காரைக்குடி, வியாழன் நள்ளிரவு

இதுவரை வந்தவை: வேகச் சீர்மை ஐந்து பேர், ஆற்றல் சீர்மை மூன்று, ஈட்டொப்பு (ஆச்சி பிறகு அனுப்பியது) இரண்டு, வளியொருமை ஒன்று. வேகச் சீர்மைக்குக் காரணம் ஒன்றுதான்: குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் பிள்ளைகள் பார்க்கிற எண் வேகம். ஜூல் பிறகு கணக்குப் போட்டு வருவது. மனசார யாருக்கும் பிடித்த மாதிரி தெரியவில்லை, எனக்கும்தான். ஆனால் காலை ஒன்பது மணிக்குக் கோப்பு போயாக வேண்டும். அதையே போட்டுவிட்டேன். துப்பாக்கி துப்பாக்கியாகவே இருக்கிறது. ஊறல் பதினான்காம் பக்கத்தில், கிணற்றுப் படத்தோடு.

தேவகோட்டை, வெள்ளி காலை

வேகம் வடசொல். என் வாக்கை வளியொருமைக்கே எழுதிக்கொள்க.

கோட்டையூர், வெள்ளி காலை

எழுதியிருக்கிறார் ஐயா. ஒன்று என்று.

காரைக்குடி, ஞாயிறு இரவு

அச்சகத்தில் 'வேகச் சீமை' என்று வந்திருக்கிறது. முந்நூறு படி. நாளைக்குப் பயிற்சி தொடங்குகிறது. பேனாவால் ரகரமெய் போட வருகிறவர்களுக்கு மத்தியானம் சாப்பாடு உண்டு. ஆச்சி, பணியாரம் கொண்டுவந்தால் முதல் ஈட்டையும் சேர்த்தே கொண்டுவாருங்கள், காக்காய்க்குப் போட வேண்டாம்.