பாரதி விழா அழைப்பிதழில் ‘வாட்டிசினேஷன்’ பொருந்துமா?

முத்தியால்பேட்டை முகில்:
டிசம்பர் 11, பாரதி பிறந்தநாளுக்குப் புதுச்சேரியில் கூட்டம் வைக்கிறோம். ஆங்கில அழைப்பிதழில் அவருடைய ‘சுதந்திரப் பள்ளு’ பாட்டை ‘வாட்டிசினேஷன்’ என்று எழுதியிருக்கிறேன். வரப்போவதை முன்கூட்டி உரைப்பது என்று பொருள். 1921இல் மறைந்தவர், 1947இல் வந்த விடுதலையை ‘அடைந்து விட்டோம்’ என்று பாடிவிட்டுப் போயிருக்கிறார். வேறென்ன சொல்வது?

ஓ.டி. வாசி, கடலூர்:
பாதிப் பேர் ‘வாக்சினேஷன்’ என்று படித்துத் தடுப்பூசி முகாம் என்று நினைப்பார்கள். அது போகட்டும். இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் அபூர்வம். வந்தாலும் பல இடங்களில் கிண்டல் வாடைதான். டிவியில் உட்கார்ந்து தேர்தல் ஆரூடம் சொல்கிறவர்களுக்குப் போடலாம். பாரதிக்கு வேண்டாம்.

முகில்:
கிண்டல் பிறகு ஒட்டியது. மூலம் லத்தீன் ‘வாட்டேஸ்’. குறி சொல்பவன், கவிஞன் இருவருக்கும் அது ஒன்றுதான். பாடுதல் என்ற வினையும் ‘வாட்டிசினேஷன்’ என்ற சொல்லுக்குள் இருக்கிறது. பாட்டாகவே சொன்னவருக்கு இது பொருந்தாதா?

ஓ.டி. வாசி:
அவர் குறி சொல்லவே இல்லை என்கிறேன். நன்னூலைப் பாருங்கள்: விரைவு, மிகுதி, தெளிவு இவற்றால் வினையின் காலம் மாறி வரலாம். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்திருக்காமலே ‘இதோ வந்துட்டேன்’ என்கிறோமே, அது விரைவு. பாரதியுடையது தெளிவு, நடந்தே தீரும் என்ற உறுதி. காலம் மாறினாலும் பிழையல்ல என்று ஏற்கும் இதற்குக் கால வழுவமைதி என்று பெயர். தேதி, வருஷம் ஏதாவது சொன்னாரா?

தேவனாம்பட்டினத்தான்:
தேதி சொன்னால்தான் குறி என்றால் வானிலை மையம்தான் பெரிய தீர்க்கதரிசி. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடக்கும் என்றார்கள், கடந்தது. கடந்தும் நகராமல் நின்று கொட்டித் தீர்த்ததே, அதுதான் மறக்காது.

ஓ.டி. வாசி:
அண்ணே, அது கணக்கு. இங்கே வேறு பேச்சு ஓடுகிறது.

முகில்:
வழுவமைதி சரி. எபிரேயத் தீர்க்கதரிசிகளும் வரப்போவதை நடந்து முடிந்ததுபோலத்தான் சொன்னார்கள். அதை வெறும் இலக்கணம் என்று யார் தள்ளுகிறார்கள்? அந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது என்பதுதானே கேள்வி.

ஓ.டி. வாசி:
அப்படியானால் இன்னொன்று. 1947 என்று போடுகிறீர்கள், கூட்டமோ புதுச்சேரியில். அங்கே பிரெஞ்சு ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1. அவர் 1908 முதல் பத்தாண்டு இருந்த ஊருக்கே உங்கள் கணக்கு பொருந்தவில்லை. குறி என்றால் இதற்குப் பதில் வேண்டும். நம்பிக்கை என்றால் வேண்டாம்.

முகில்:
1954ஐயும் சேர்த்துவிடுகிறேன். சொல்லை எடுக்க மாட்டேன்.