குறைந்த எண்ணிக்கையில் எல்லாத் தேவைக்கும் பொருந்தும் துப்பாக்கிகள் எவை? உதவி தேவை

வேங்கைவாசல்காரர்:
வணக்கம். துப்பாக்கிகளை அதிகம் சேர்க்காமல், எல்லா வேலைக்கும் உதவக்கூடிய ஒரு சிறு தொகுப்பை அமைத்துக்கொள்ள விரும்புகிறேன். அமெரிக்கர்கள் தரும் பட்டியல்களில் பெரும்பாலும் நான்கு வகைகள் வருகின்றன: பயிற்சிக்கு ஒரு .22 ரைஃபிள், பலவகைப் பயன்பாட்டுக்கு ஒரு 12 போர் (bore, அதாவது குழல் அளவு; ரவைத் தோட்டா சுடும் ஷாட்கன்), பாதுகாப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி, தொலைதூரத்துக்கு ஒரு பெரிய ரைஃபிள். இவற்றில் எதை முதலில் வாங்குவது, எந்தத் தயாரிப்பு நல்லது என்று அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன். அடுத்த வாரம் கடைக்குச் செல்ல இருப்பதால் விரைவான பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

சேலையூர்வாசி:
வணக்கம் சார். பதில் சொல்வதற்கு முன் சில விவரங்கள் தேவை. உங்களிடம் ஏற்கெனவே லைசென்ஸ் இருக்கிறதா? எந்தத் தேவைக்காகக் கேட்கிறீர்கள்: வீட்டுப் பாதுகாப்பா, விளையாட்டா, விவசாய நிலமா? உங்கள் முகவரி எந்தக் காவல் ஆணையரகத்தில் வருகிறது என்பதையும் சொல்லுங்கள். 2022-இல் தாம்பரமும் ஆவடியும் தனி ஆணையரகங்களாகப் பிரிந்துவிட்டதால், வேப்பேரியில் உள்ள சென்னை ஆணையரகத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில் பயன் இல்லாமல் போகலாம்.

மூலக்கொத்தளம்:
தம்பி, ஆண்டுதோறும் யாராவது ஒருவர் அமெரிக்கப் பட்டியலை எடுத்துக்கொண்டு இங்கே வந்து இதே கேள்வியைக் கேட்கிறார். சட்டத்தைப் படித்துவிட்டு வந்தால் அனைவருக்கும் நேரம் மிச்சமாகும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டபோது, ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. மூன்று வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்குள் ஒன்றை ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஆகவே நான்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. லைசென்ஸ் கையில் இல்லாமல் கடைக்குப் போனால் எந்த வணிகரும் உங்களிடம் துப்பாக்கியை விற்க மாட்டார். லைசென்ஸ் இல்லாமல் ஒன்றை வைத்திருந்தால் குறைந்தபட்சத் தண்டனையே இரண்டு ஆண்டுச் சிறை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் விண்ணப்பம், பிறகு உள்ளூர்க் காவல் நிலையத்தின் விசாரணை அறிக்கை, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றிதழ், அதன் பின்னரே கடை.

இரட்டைக்குழல்:
எண்ணிக்கை இரண்டாக இருந்தாலும் ஒன்றாக இருந்தாலும் என் பதில் மாறாது: 12 போர் வாங்குங்கள். வேறு எந்தத் துப்பாக்கியும் தோட்டாவை மாற்றுவதன் மூலம் மட்டும் இத்தனை வேலைகளைச் செய்வதில்லை. ஆறாம் எண் ரவை (சிறு ஈயக் குண்டுகள்) ஒரு வேலைக்கு, பெரிய குண்டுகள் கொண்ட எஸ்.ஜி. ஒரு வேலைக்கு, எல்.ஜி. இன்னொரு வேலைக்கு, களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் போட்டிக்கு 24 கிராம் தோட்டா எனப் பொருத்திக்கொள்ளலாம். புனேயின் கட்கி தொழிற்சாலையின் சக்திமான் தோட்டாக்களும் நம் நாட்டிலேயே கிடைக்கின்றன.

சட்டமும் இதன் பக்கமே நிற்கிறது. ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ, குறைந்தது 20 அங்குலக் குழல் உள்ள வழவழப்பான உட்புறத் துப்பாக்கியை (12 போர் இந்த வகைதான்) குடிமகன் ஒருவர் கேட்டால், மறுப்பதற்குக் காரணம் இல்லாதவரை லைசென்ஸ் வழங்க வேண்டும் என்று அது சொல்கிறது. ரிவால்வரைக் கேட்பவரோ, தமக்கு அது தேவை என்பதற்குத் தகுந்த காரணத்தை அதிகாரி ஏற்கும்படி காட்ட வேண்டும். இவ்வளவு தெளிவான வேறுபாட்டைப் பெரும்பாலான விண்ணப்பதாரர்கள் கவனிப்பதே இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பரங்கிமலை:
இரட்டைக்குழல் அண்ணா சொல்வது நிலத்தில் வாழ்பவருக்குப் பொருந்தும். நகரத்தில் இரவு நேரத்தில் குறுகிய நடைக்கூடத்தில், ஒரு கையால் கதவைத் திறந்துகொண்டு நிற்பவருக்கு நீண்ட குழல் இடைஞ்சல்தான். .32 ரிவால்வர் போதும். 9 மி.மீ. போன்றவை தடைசெய்யப்பட்ட போர் வகையில் வருவதால் பொதுமக்களுக்குக் கிடைக்காது. .32 அந்தத் தடைக்குள் வராது, நம் அரசுத் தொழிற்சாலைகளும் அதைத் தயாரிக்கின்றன. அலமாரிப் பெட்டகத்தில் அடங்கும், பராமரிப்பும் எளிது.

திருவான்மியூர்:
இருவரும் துப்பாக்கியைப் பற்றியே பேசுகிறீர்கள், வீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தனி வீடா, அடுக்குமாடியா? வீட்டில் குழந்தைகள் உண்டா? அடுக்குமாடியில் ரிவால்வரின் குண்டு மரக்கதவையும் பிளைவுட் தடுப்பையும் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும், ஜன்னல் கண்ணாடி அதை நிறுத்தாது. அதேபோல, 12 போர் பொத்தாம்பொதுவாகச் சுட்டாலே படும் என்பதும் உண்மையன்று, ஏனெனில் நான்கைந்து மீட்டர் தூரத்தில் ரவைகள் பெரிதாக விரிவதில்லை. இரண்டிலும் குறி வைத்தாக வேண்டும், பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

வேங்கைவாசல்காரர்:
அனைவருக்கும் நன்றி. வீடு அடுக்குமாடியில், மூன்றாம் தளம். மதுராந்தகம் அருகே நிலம் இருக்கிறது, அங்கே காட்டுப்பன்றித் தொல்லை அதிகம். பெரிய ரைஃபிளைக் கேட்டது அதற்காகத்தான். .22 என் மகளுக்காக. அவளுக்கு 14 வயது, துப்பாக்கி சுடும் விளையாட்டைக் கற்க விரும்புகிறாள். லைசென்ஸ் இனிமேல்தான் வாங்க வேண்டும்.

சேலையூர்வாசி:
இந்த விவரங்கள் முதலிலேயே வந்திருந்தால் பாதிப் பதில்கள் தேவைப்பட்டிருக்காது. பெரிய ரைஃபிளை இன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். காட்டுப்பன்றி 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள விலங்கு. உங்கள் நிலத்தில் நுழைந்தது என்பதற்காக நீங்களாகவே அதைச் சுட முடியாது. கையில் துப்பாக்கி லைசென்ஸ் இருப்பது வேட்டைக்கான அனுமதி ஆகாது. பயிர்ச்சேதத்தை வனத்துறையிடம் எழுத்தில் பதிவுசெய்து இழப்பீடு கேளுங்கள், வேலி அமைப்பதைப் பற்றியும் அவர்களிடமே பேசுங்கள். மின்வேலியில் நேரடி மின்சாரம் விடுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம், அதில் மனித உயிர்களும் போயிருக்கின்றன.

பத்து மீட்டர்:
மகளைப் பற்றி நான் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்த இழையில் எனக்கு மிக முக்கியமாகத் தெரிவது அதுதான். முதலில் தேவைப்படுவது .22 அன்று, காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைஃபிள். 4.5 மி.மீ.க்கு மேற்படாத குழல் விட்டமும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. 10 மீட்டர் தூரப் போட்டிகளில் பயன்படும் ரைஃபிளின் ஆற்றல் இதில் பாதிக்கும் குறைவு. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் பங்கேற்றதும் இதில்தான்.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். அந்தப் புள்ளியை அறுபது முறை தேடும் பொறுமையைக் கற்ற பிள்ளைக்குப் பிறகு எந்தத் துப்பாக்கியும் அச்சம் தராது, அலட்சியமும் வராது. நிற்கும் முறை, மூச்சு, டிரிகரை மெதுவாக அழுத்துவது, சுட்ட பிறகும் நிலையைக் கலைக்காமல் இருப்பது ஆகிய எல்லாமே இங்கே உருவாகின்றன. ஆனால் கடையில் போய் முதல் நாளே வாங்கிவிட வேண்டாம். வேளச்சேரி குருநானக் கல்லூரியில் சுடுதளம் இருக்கிறது. அங்கோ வேறு கிளப்பிலோ பயிற்சியாளரின் கீழ் கிளப் ரைஃபிளில் சில மாதங்கள் சுடட்டும். தோள், கன்னம், கை நீளம் ஆகியவற்றுக்கு ஏற்ப, தோளில் பதியும் கட்டையைச் சரிசெய்ய வேண்டியிருப்பதால், வளரும் பிள்ளைக்கு அவசரமாக வாங்கிய ரைஃபிள் விரைவில் பொருந்தாமல் போகும். பிஸ்டலில் ஆர்வம் இருக்கிறதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

பின்னாளில் .22 தேவைப்பட்டால் அதற்கும் வழி இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட ரைஃபிள் கிளப்பின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்கு வைத்திருக்கும் .22 ரைஃபிள், இரண்டு என்ற கணக்கில் சேராது.

மூலக்கொத்தளம்:
இரண்டு என்றால் இரண்டுதான். புதிதாக வருபவர்களுக்கு இத்தகைய நம்பிக்கைகளை ஊட்டுவது பொறுப்பற்ற செயல். 2019-க்குப் பிறகு நிலைமை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை அறிந்தவர்கள் பேசினால் நல்லது.

பத்து மீட்டர்:
ஐயா, 2019 திருத்தம் 3-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவை மாற்றியது. அடுத்த உட்பிரிவு அப்படியே நிற்கிறது. வணிகர்களுக்கும், மத்திய அரசு அங்கீகரித்த ரைஃபிள் கிளப்பின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் .22 ரைஃபிளுக்கும் ஏர் ரைஃபிளுக்கும் எண்ணிக்கை வரம்பு பொருந்தாது என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. லைசென்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. .22-க்கு லைசென்ஸ் கட்டாயம் வேண்டும். கணக்கில் சேராது என்பதுதான் செய்தி.

மூலக்கொத்தளம்:
கிளப்பில் பெயரைச் சேர்த்துவிட்டு வீட்டில் துப்பாக்கியை அடுக்குபவர்களுக்காக அந்த உட்பிரிவு எழுதப்படவில்லை. உண்மையில் சுடுபவர் யார், அடையாள அட்டைக்காகச் சேர்ந்தவர் யார் என்பதை அதிகாரிகள் பார்க்காமல் விட மாட்டார்கள்.

பத்து மீட்டர்:
அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உண்மையில் சுடும் பிள்ளைகளின் வழியை அடைக்கக்கூடாது என்பதற்காகவே எழுதினேன். 21 வயது நிறையாதவர் லைசென்ஸ் பெற முடியாது என்றாலும், 12 வயது முதல் பயிற்சியின்போது மேற்பார்வையில் சுடுவதை விதிகள் அனுமதிக்கின்றன.

பரங்கிமலை:
மீண்டும் ரிவால்வருக்கு வருவோம். பெரிய ரைஃபிள் போய்விட்டது, .22 இப்போது தேவையில்லை. மீதம் இருப்பது 12 போரா, .32-ஆ என்ற கேள்வி மட்டுமே.

திருவான்மியூர்:
எந்தத் துப்பாக்கியானாலும் தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் காவல் நிலையத்திலோ வணிகரிடமோ ஒப்படைக்கச் சொல்லக்கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்காக மட்டுமே வாங்குபவர், அது கையில் இல்லாத வாரங்களில் என்ன செய்வார் என்பதையும் யோசிக்க வேண்டும். நல்ல கதவு, விளக்கு, அண்டை வீட்டாருடன் பழக்கம் ஆகியவற்றை முதலில் சரிசெய்த பிறகே துப்பாக்கியைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேங்கைவாசல்காரர்:
ஒரு விவரம் சொல்ல விட்டுப்போனது. அப்பாவிடம் ஒரு டபுள் பேரலும் (இரட்டைக் குழல் ஷாட்கன்) ஒரு .32 ரிவால்வரும் இருக்கின்றன. லைசென்ஸ் அவர் பெயரில் இருக்கிறது, வயது 74. அவற்றை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறார். அவை இந்தக் கணக்கில் வருமா?

சேலையூர்வாசி:
சார், இதுதான் முதல் வரியில் இருந்திருக்க வேண்டிய செய்தி. கட்டாயம் வரும். வாரிசு முறையில் லைசென்ஸ் வழங்கும்போதும் இரண்டைத் தாண்டக்கூடாது என்று 2019 திருத்தமே சொல்கிறது. இரண்டும் உங்கள் பெயருக்கு வந்தால் உங்கள் இடம் நிரம்பிவிடும், புதிதாக வாங்க எதுவும் மிச்சம் இருக்காது.

வழி இருக்கிறது. லைசென்ஸ்தாரர் 70 வயதை அடைந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, தம் வாரிசுகளில் ஒருவருக்கு அதைக் கொடுக்க 2016 விதிகள் இடமளிக்கின்றன. அப்பா உயிருடன் இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது எல்லோருக்கும் நல்லது. பிற்பாடு என்றால், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வீட்டில் கிடக்கும் நிலை வரும். அதை உடனே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டியிருக்கும், துயரமான நாட்களில் அதை யாரும் நினைப்பதில்லை. உங்களுக்கு உடன்பிறந்தவர் இருந்தால், ஒன்றை உங்களுக்கும் மற்றொன்றை அவருக்கும் கொடுக்கலாம். அவரும் தகுதி விதிகளைத் தனியாக நிறைவேற்ற வேண்டும். அதுவரை துப்பாக்கியும் தோட்டாவும் அப்பாவின் பொறுப்பிலேயே பூட்டி இருக்கட்டும், உங்கள் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

இரட்டைக்குழல்:
டபுள் பேரலை விட்டுவிடாதீர்கள். அது எந்த ஊர்த் தயாரிப்பு, எவ்வளவு பழையது? பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் சேம்பர், அதாவது தோட்டா அமரும் குழலின் பின்பகுதி, 65 மி.மீ. தோட்டாவுக்காக வெட்டப்பட்டிருக்கும். இப்போதைய 70 மி.மீ. தோட்டா அதில் நுழைந்துவிடும், ஆனால் சுடும்போது தோட்டாவின் மடிந்த வாய் முழுவதும் விரிய இடமின்றி அழுத்தம் அபாயகரமாக உயரும். உள்ளே நுழைகிறது என்பதால் பொருத்தமானது என்று எண்ணிவிடக்கூடாது. கைதேர்ந்த துப்பாக்கிப் பணியாளர் ஒருவர் சேம்பரின் நீளத்தையும் குழலின் உட்புறத்தையும் பூட்டையும் பார்க்கும் வரை ஒரு தோட்டாகூட அதில் போட வேண்டாம். தோல் உறையில் வைத்திருந்தால் உடனே வெளியே எடுக்கச் சொல்லுங்கள். நம் கடற்காற்றில் தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து, வெளியே தெரியாமல் துரு ஏற்றிவிடும்.

வேங்கைவாசல்காரர்:
அப்பாவிடமும் தம்பியிடமும் பேசினேன். டபுள் பேரல் எனக்கு, ரிவால்வர் தம்பிக்கு என்று முடிவாகியிருக்கிறது. இருவரும் விண்ணப்பிக்கிறோம். பெரிய ரைஃபிள் வேண்டாம். மகளை ஏர் ரைஃபிள் பயிற்சியில் சேர்க்கிறோம். அனைவருக்கும் நன்றி.

இரட்டைக்குழல்:
மகிழ்ச்சி. சேம்பர் நீளம் பெரும்பாலும் குழலின் அடியில், கட்டையைக் கழற்றினால் தெரியும் இடத்தில், சோதனை முத்திரைகளுக்கு அருகே பொறிக்கப்பட்டிருக்கும். அப்பாவே அதைப் பார்த்துப் படம் எடுத்துத் தரட்டும். 2½ அங்குலம் என்று இருந்தால் அது 65 மி.மீ. தோட்டாவுக்கானது. 2¾ என்று இருந்தாலும் பணியாளரிடம் காட்டிய பிறகே தோட்டா வாங்குங்கள். துப்பாக்கியின் தொடர் எண்ணை மட்டும் படத்தில் மறைத்துவிடுங்கள்.