‘புழுவிலாங்கு’ என்ற பெயர் பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

வைகையின் மிச்ச நீர் கடலைத் தொடும் ஆற்றங்கரை முகத்துவாரத்துச் சேற்றில் அகப்பட்ட, விரல் பருமனுள்ள மலங்குக்கு (பாம்புபோல் நீண்ட மீனுக்கு)ப் ‘புழுவிலாங்கு’ என்னும் பெயரை முன்மொழிந்திருக்கிறீர்கள். உருவத்தைக் கண்டதும் மனத்தில் எழக்கூடிய பெயர்தான். ஆயினும் அது வேறோர் உயிருக்கு உரியது என்று கருதுகிறேன்.

முதலில் வாலைப் பார்க்க வேண்டும். நீங்கள் விவரித்த மீனில் முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் நுனியை எட்டுமுன்னே முடிந்துவிட, கெட்டியான கூர்முனை மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆற்று விலாங்கில் இவ்விரு துடுப்புகளும் வாலைச் சுற்றி ஒன்றாக இணைந்திருக்கும். ஆகவே இது பாம்பு மலங்குகளின் குடும்பமான ஒஃபிக்தைடேயைச் சேர்ந்தது. மார்புத் துடுப்பின் நுனியைக் கடந்த பிறகே முதுகுத் துடுப்பு தொடங்குவதாலும், பற்கள் மழுங்கிய மணிகளைப்போல் இருப்பதாலும், இதைப் பிசோடோனோஃபிஸ் போரோ என்று கொள்ளலாம். முதுகுத் துடுப்பு மார்புத் துடுப்புக்கு நேர்மேலே தொடங்கியிருந்தால், அதே பேரினத்துக் கான்கிரிவோரஸ் என்றிருப்பேன். மொரிங்குவா என்னும் வேறொரு மலங்குப் பேரினமோ, கண்கள் தோலுக்கடியில் சிறுத்து, துடுப்புகள் வெறும் மடிப்பாகக் குறுகி, உண்மையிலேயே புழுவை ஒத்தது. ‘புழு’ என்ற அடைமொழியை அதற்கே விட்டுவைக்க வேண்டும். போரோவையும் ஒரு மொரிங்குவாவையும் மீனியலாளர் ஹாமில்டன் 1822இல் தம் கங்கை மீன் நூலிலேயே தனித்தனியாக விவரித்துவிட்டார்.

‘ஆரல்’ வேண்டவே வேண்டாம். முதுகில் முள்வரிசை கொண்ட அந்த நன்னீர் மீன் மலங்கினமே அன்று. ‘விலாங்கு’ என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்ற பழமொழி, விலாங்கின் மீன்தன்மையை அதன் வாலில்தான் காண்கிறது. வால்துடுப்பே இல்லாத இதற்கு ‘மலங்கு’ என்ற சொல்லே தகும்.

எனவே குடும்பப் பெயராக ‘முளைவால் மலங்கு’ என்பதை முன்வைக்கிறேன். ஆட்டைக் கட்ட அடிக்கும் முளையைப்போல் இம்மீன் தன் வாலைச் சேற்றில் இறக்கிப் பின்புறமாகவே புதைகிறது. தலையை முன்விட்டும் இதனால் புக முடியும் என்றாலும், துடுப்பற்ற அந்த வால்முனையே குடும்பத்தின் பெரும்பாலான இனங்களுக்கு அடையாளம். முளை என்றால் விதைமுளை என்று மயங்க நேரும் என்பீர்கள். வாலோடு சேர்ந்து வருகையில் அந்த மயக்கம் நீடிக்காது. பிசோடோனோஃபிஸ் என்னும் கிரேக்கப் பெயரே பட்டாணிப் பல்லைக் குறிப்பதால், போரோவை ‘மணிப்பல் முளைவால் மலங்கு’ எனவும், கான்கிரிவோரஸை ‘நண்டுண்ணி முளைவால் மலங்கு’ எனவும் வழங்கலாம்.

தேவிபட்டினத்திலோ தொண்டியிலோ கரைவலை இழுப்பவர்களிடம் இதற்கென்று தனிச்சொல் வழங்குமானால், என் சொல்லை விலக்கி அதையே ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.