பி.ஏ. ஆங்கில இலக்கியம், ஐந்தாம் செமஸ்டர்: எலக்டிவ், ப்ராஜெக்ட், அப்புறம் பி.எட்.டா எம்.ஏ.வா?

திருமயம்_வாசகி

வணக்கம். அரசு கலைக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. இங்கிலீஷ் லிட்ரேச்சர் இரண்டாம் ஆண்டு முடிக்கப் போகிறேன். பன்னிரண்டு வரை தமிழ் மீடியம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான், அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. சீனியர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

அடுத்த செமஸ்டருக்கு எலக்டிவ் (விருப்பப் பாடம்) எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஜர்னலிசம், மொழிபெயர்ப்பு, இ.எல்.டி. (ஆங்கிலம் கற்பித்தல்) என மூன்று. வகுப்பே ஜர்னலிசம் பக்கம் நிற்கிறது, அதில் மார்க் தாராளமாகப் போடுவார்களாம். எனக்கு மொழிபெயர்ப்பு எடுக்க ஆசை. ப்ராஜெக்டுக்கும் இப்போதே தலைப்பு யோசிக்கச் சொல்கிறார்கள். கல்லூரி எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் போன வருட ப்ராஜெக்டைப் பெயர் மாற்றி, ஸ்பைரல் பைண்டிங்கோடு சேர்த்தே தருகிறார்கள்! லீவில் இன்டர்ன்ஷிப் வேறு முடிக்க வேண்டும்.

அப்பா, “டிகிரி முடித்த கையோடு பி.எட். சேர்ந்துவிடு, டீச்சர் வேலைதான் பொம்பளைப் பிள்ளைக்கு நல்லது” என்கிறார். எனக்கு எம்.ஏ. படித்து காலேஜில் பாடம் எடுக்க ஆசை. இன்னொன்று: என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையவழிப் பாடம்) கோர்ஸ் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், தேர்வுக் கட்டணம் 1000 ரூபாய். எனக்கு மாதா மாதம் வரும் அரசின் புதுமைப் பெண் திட்டப் பணமும் அதே 1000தான், பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அதில்தான் ஓடுகிறது. கட்டலாமா, வேண்டாமா?

பேருந்து_நிலையம்

எலக்டிவ் என்று பெயர்தான் தங்கச்சி. எந்தப் பாடத்துக்கு வாத்தியார் இருக்கிறாரோ அதுதான் எலக்டிவ். எங்கள் செட்டில் எல்லோரும் ஒன்றை எழுதிக் கொடுத்தோம், ஜூன் மாதம் டைம்டேபிளில் வேறொன்று வந்தது. ரொம்ப யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

கௌரவ_விரி

மேலே தம்பி சொன்னது முக்கால்வாசி உண்மை. நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக ஆங்கிலம் எடுக்கிறேன். சொல்வதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன் வாசகி, பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் டிகிரி மொத்தம் 140 கிரெடிட் (பாடங்களுக்கான எடைப் புள்ளி). பார்ட் 1 தமிழ், பார்ட் 2 ஆங்கிலம், பார்ட் 3 கோர் எல்லாம் ஏற்கெனவே போட்டுவைத்த ரோடு, அதில் நடந்தே ஆக வேண்டும். நீங்களாகத் திரும்பக்கூடிய இடங்கள் கொஞ்சம்தான்: எலக்டிவ், இன்டர்ன்ஷிப், ப்ராஜெக்ட். இதில் எலக்டிவ் கூட்டத்தோடு போய்விடும். மற்ற இரண்டும் உங்கள் கையில்தான் இருக்கின்றன, ஆனால் பிள்ளைகள் அந்த இரண்டையும்தான் ஜெராக்ஸ் கடைக்குத் தாரை வார்க்கிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு.

மொழிபெயர்ப்பு எலக்டிவ் கிடைக்காவிட்டால் போகட்டும், ப்ராஜெக்டை மொழிபெயர்ப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுடைமை ஆக்கப்பட்ட தமிழ் எழுத்தாளர் ஒருவரின் சிறுகதையை எடுங்கள். அதற்கு யாரிடமும் உரிமை வாங்க வேண்டியதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் அவர்களுடைய புத்தகங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கதையை ஆங்கிலமாக்கி, எங்கே சிக்கியது, ஏன் அந்த முடிவு எடுத்தீர்கள் என்று ஒரு பத்துப் பக்கம் முன்னுரை எழுதுங்கள். உங்கள் கைடு ஒப்புக்கொள்கிறாரா என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சில துறைகளில் ‘தீம்’, ‘பெமினிசம்’ என்று ஏதாவது தலைப்பில் இருந்தால்தான் கையெழுத்து விழும். அப்படியானால் முன்னுரையைப் பெரிதாக்கி, மொழிபெயர்ப்பைப் பின்னிணைப்பாக வைத்தால் ஆயிற்று. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வருகிறவர் முதலில் கேட்பது “இதை ஏன் எடுத்தாய்?” என்றுதான். சொந்தமாகச் செய்த பிள்ளைக்கு அந்தக் கேள்வியிலேயே பாதி வைவா முடிந்துவிடும்.

என்.பி.டி.இ.எல். விஷயம். சேர்வதும் வீடியோ பார்ப்பதும் இலவசம், பணம் தேர்வுக்கு மட்டும்தான். மதிப்பெண்ணில் 25 சதவீதம் வார அசைன்மென்டுக்கு, 75 சதவீதம் நேரில் போய் எழுதும் தேர்வுக்கு. என்.பி.டி.இ.எல். ஓடும் ஸ்வயம் தளத்தின் கோர்ஸ்களுக்கு, ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை கிரெடிட் தரலாம் என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2021 விதிகளில் அனுமதித்திருக்கிறது. தரலாம் என்றால் உங்கள் கல்லூரி தருகிறது என்று அர்த்தமில்லை. துறைத்தலைவரிடம் போய் ஒரே கேள்வி கேளுங்கள்: “இது என் மார்க் ஷீட்டில் ஏறுமா மேடம்?” ஏறும் என்றால் கட்டுங்கள். சர்டிபிகேட் மட்டும்தான் என்றால் கட்ட வேண்டாம், பாடத்தை மட்டும் பாருங்கள். சர்டிபிகேட்டைப் பார்த்து வேலை கொடுத்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை. தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளைகளுக்கு எழுத்து வடிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த லெக்சர்களைக் கேட்பதே பெரிய பயிற்சி.

இனி பி.எட்.டா எம்.ஏ.வா. இதைத்தான் பிள்ளைகள் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கிறார்கள்.

பட்டதாரி ஆசிரியர் (ஆறிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எடுப்பவர்) என்றால் பி.ஏ., பி.எட்., டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். அந்தத் தாளில் 150 கேள்வி. குழந்தை மேம்பாடு 30, தமிழ் 30, ஆங்கிலம் 30. மீதி 60 கேள்வியில் உங்கள் இலக்கியம் ஒரு வரி வராது! கணிதம்-அறிவியல் அல்லது சமூக அறிவியல், இரண்டில் ஒன்றைத்தான் ஆங்கிலப் பட்டதாரி எழுத வேண்டும். ஆகவே ஆறிலிருந்து பத்து வரை சமூக அறிவியல் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

முதுகலை ஆசிரியர் (பதினொன்று, பன்னிரண்டு எடுப்பவர்) என்றால் எம்.ஏ.வும் பி.எட்.டும் வேண்டும், பி.ஏ.வும் எம்.ஏ.வும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். அதற்கான போட்டித் தேர்வில் 150 கேள்வியில் 110 உங்கள் பாடம், 30 கல்வியியல், 10 பொது அறிவு. இலக்கியம் பிடித்துப் படிக்கிற பிள்ளைக்கு இதுதான் பொருத்தம் என்பேன். இதற்குத் தனியாகத் தமிழ்த் தகுதித் தாளும் உண்டு, உங்களுக்கு அது பயமில்லை.

காலேஜ் என்றால் எம்.ஏ.வில் 55 சதவீதம், அதோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு), இல்லாவிட்டால் பி.எச்டி. ஓ.பி.சி. நான்-கிரீமிலேயர் (வருமான வரம்புக்கு உட்பட்ட பிற்படுத்தப்பட்டோர்), எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 50 சதவீதம் போதும். எம்.ஏ. கடைசி வருடத்திலேயே நெட் எழுதலாம். அதில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் ஆய்வு செய்யும்போது மாதம் 37,000 ரூபாய் வரும், அதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. எம்.ஏ. தேடும்போது டிகிரியின் பெயரைப் பாருங்கள். எலக்டிவ் பெயரை எந்த ஆபீஸிலும் யாரும் கேட்க மாட்டார்கள், டிகிரி பெயரைக் கேட்பார்கள். புதுப்புதுப் பெயரில் கோர்ஸ் நடத்துகிறார்கள், கம்யூனிகேஷன் என்றும் ஃபங்ஷனல் என்றும். அது ஆங்கில இலக்கியத்துக்கு இணை என்று அரசாணை இருக்கிறதா என்று பார்க்காமல் சேரக் கூடாது. சான்றிதழ் சரிபார்ப்பில் இணைச் சான்று கேட்டு நின்றவர்களை எனக்குத் தெரியும். மார்க் நன்றாக வந்தும் வெளியே நின்றார்கள்.

கமா_புள்ளி

டீச்சர் வேலை பேச்சே ஓடுகிறது, எங்கள் வேலையையும் கொஞ்சம் சொல்கிறேன். நானும் அரசுக் கல்லூரி பி.ஏ. லிட்தான். சென்னையில் காப்பி எடிட்டர். வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கும் பாடநூல்களுக்கும் எடிட்டிங், டைப்செட்டிங் செய்யும் கம்பெனிகள் சென்னையிலும் புதுச்சேரியிலும் நிறைய இருக்கின்றன. லிட் பிள்ளைகளை எடுக்கிறார்கள், ஆனால் லிட் தெரியுமா என்று பார்க்க மாட்டார்கள்.

டெஸ்ட் எப்படி இருக்கும் என்றால், ஒரு பக்கம் ஆங்கிலம், உள்ளே தப்புகளைப் புதைத்திருப்பார்கள். எழுவாய் பன்மை, வினை ஒருமை. ‘தி’ வர வேண்டிய இடத்தில் ‘எ’. உள்ளே 2014 என்று சொன்ன ஆய்வு, கடைசி ரெஃபரன்ஸ் பட்டியலில் 2041. டேபிள் 3 என்று சொல்லியிருப்பார்கள், டேபிள் இரண்டுதான் இருக்கும். எங்கள் பேச்சில் இதற்கு ‘க்வெரி போடுவது’ என்று பெயர்: நீயாகத் திருத்தாமல் ஆசிரியரிடம் மரியாதையாக ஒரு வரியில் கேட்க வேண்டும். புதுசாக வருகிறவர்கள் பாதிப் பேர் தெரிந்தமாதிரி திருத்திவிட்டு மாட்டிக்கொள்வார்கள்.

இன்டர்ன்ஷிப்புக்கு இப்படி ஒரு இடத்தில் கேட்டுப் பார். மெயிலில் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று ஒரு பக்கத்துக்கு எழுதாதே. என்ன படிக்கிறாய், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேண்டும், கல்லூரிக் கடிதம் இணைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இராது, இரவு ஷிப்ட் வரலாம், இப்போது மென்பொருளே பாதி வேலையைப் பார்க்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அண்ணன் சொன்னார் என்று வராதே.

குரூப்2_கனவு

டி.என்.பி.எஸ்.சி. அரசு வேலைத் தேர்வை யாருமே சொல்லவில்லையே. குரூப் 4-க்கு பத்தாவதுதான் தகுதி, நீங்கள் பத்து வரை தமிழ் வழியில் படித்ததால் பி.எஸ்.டி.எம். எனும், தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு கேட்கலாம். குரூப் 2 பட்டப்படிப்பு கேட்கிறது, உங்கள் டிகிரி ஆங்கில வழி என்பதால் அங்கே அந்த ஒதுக்கீடு கிடையாது. பிரிலிம்ஸில் பொதுத் தமிழுக்குப் பதில் பொது ஆங்கிலம் எடுக்கலாம், லிட் பிள்ளைகள் நிறையப் பேர் அதைத்தான் எடுக்கிறார்கள்.

திருமயம்_வாசகி

எல்லோருக்கும் நன்றி. டெட்டில் சமூக அறிவியல் 60 கேள்வி என்று எங்கள் வகுப்பில் ஒருத்திக்கும் தெரியாது. விரி அக்கா, எம்.ஏ. எங்கே சேர்வது? திருச்சி தாண்டி அனுப்ப வீட்டில் யோசிக்கிறார்கள். முதலில் எம்.ஏ. முடித்துவிட்டுப் பி.எட். போனால் வயசாகிவிடும் என்றும் அப்பா சொல்கிறார்.

கௌரவ_விரி

எம்.ஏ. இரண்டு, பி.எட். இரண்டு, நாலு வருடம். வரிசையை மாற்றினாலும் அதே நாலுதான். வீட்டில் வருமானம் சீக்கிரம் தேவைப்பட்டால் பி.எட். முதலில், அப்புறம் டெட் எழுதிக்கொண்டே எம்.ஏ. படிக்கலாம். நாலு வருடம் பொறுக்க முடியும் என்றால் எம்.ஏ. முதலில். இலக்கியம் மனசில் சூடாக இருக்கும்போதே முதுகலைத் தேர்வுக்கும் நெட்டுக்கும் படித்துவிடலாம் என்பது என் கட்சி. வேறு மாதிரி சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இடம் என்றால் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் உங்களுக்கு ஒன்றும் கண்காணாத தேசமில்லை, அப்பாவுக்கும் அது தாங்கும். புதுச்சேரியும் இருக்கிறது. இரண்டுக்கும் சி.யு.இ.டி. பி.ஜி. எனும் முதுகலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 75 கேள்வி, ஒன்றுக்கு 4 மதிப்பெண், தப்புக்கு 1 குறையும். மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே விண்ணப்பம் போட வேண்டும், ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் தேதி போய்விடும். எந்த எழுத்தாளர் முன்னால், எந்த இயக்கம் எப்போது என்ற கால வரிசைக் கேள்விகளை இப்போதிருந்தே பழகுங்கள், நெட்டிலும் அதேதான் கேட்கிறார்கள். பார்ட் 3-இல் அரியர் மட்டும் வைக்க வேண்டாம், சேர்க்கைக்கு அந்த மார்க்கைத்தான் பார்ப்பார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: துறையில் இன்டர்ன்ஷிப் கடிதம் கேளுங்கள். கையெழுத்து, சீல், முதல்வர் ஊரில் இல்லை என்று அதற்கே நாள் பிடிக்கும். கமா தம்பி, உங்கள் பக்கம் மே மாதம் ஆள் எடுக்கிறார்களா?

கமா_புள்ளி

எடுக்கிறார்கள் அக்கா, ஆனால் போன மே எட்டுப் பேரை உட்காரவைத்துவிட்டு ஒரே கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தே செய்யும் வேலை தருவார்களா என்று கேட்டுச் சொல்கிறேன். வாசகி, கடிதம் கைக்கு வந்ததும் இங்கேயே ஒரு வரி போடு.