உலக சினிமா பாக்க ஆரம்பிக்கணும், எந்தப் படத்துல இருந்து? (அம்மாவும் கூட உக்காருவாங்க)

மழைக்காலம்:
வணக்கம் மக்களே. இதுவரைக்கும் தமிழ், கொஞ்சம் மலையாளம், டப் பண்ண ஹாலிவுட் படம், அவ்ளோதான் பாத்திருக்கேன். ஈரான் படங்கள் அருமையா இருக்கும்னு ஆளாளுக்கு சொல்றாங்க, ஆனா தேடிப்பாத்தா நூறு படத்தோட பேரு வருது, எதுல கை வைக்கறதுன்னே தெரியல. ரெண்டு சிக்கல் இருக்கு. இங்கிலீஷ் சப்டைட்டில் நான் கொஞ்சம் மெதுவாதான் படிப்பேன், ஒரு வரி முடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடுது, நடிக்கறவங்க மூஞ்சியையே பாக்க முடியல. இன்னொண்ணு, வீட்ல ஒரே டிவி, அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அவங்களும் சேந்து பாக்கற மாதிரி ஒண்ணு சொல்லுங்க.

கடைசிபெஞ்ச்:
கண்ண மூடிட்டு சில்ட்ரன் ஆஃப் ஹெவன் போடுங்க ப்ரோ. 1997, மஜித் மஜிதி படம், சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கருக்கு நாமினேட் ஆன முதல் ஈரான் படம் இதுதான். தங்கச்சியோட ஷூவ தைக்கக் குடுத்து வாங்கிட்டு வர்ற வழியில அண்ணன் தொலைச்சிடுறான், வீட்ல புதுசு வாங்க வக்கில்ல, அதனால ரெண்டு பேரும் ஒரே ஷூவ மாத்தி மாத்திப் போட்டுட்டு ஸ்கூல் போறாங்க, அவளுக்கு காலைல ஸ்கூல், இவனுக்கு மத்தியானம், அவ ஓடி வந்து குடுத்தாதான் இவன் போக முடியும். கதை இவ்ளோதான். வசனம் ரொம்பக் கம்மி, அதனால அம்மாவுக்கு படத்தப் பாத்தாலே பாதி புரிஞ்சிடும். ஒரே ஒரு இடம் மட்டும் கவனிச்சுக்கங்க, ஆரம்பத்துல அப்பாவும் அம்மாவும் பேசிட்டு இருக்கும்போது புள்ளைங்க ரெண்டும் வீட்டுப்பாடம் எழுதற மாதிரி நோட்டுலயே எழுதி எழுதி சண்டை போட்டுக்கும், சத்தமே இருக்காது, அந்த இடத்துல பாஸ் பண்ணி அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டிடுங்க. தங்கச்சி ஓடி வரும்போது ஒரு ஷூ கழண்டு வாய்க்கால் தண்ணில போகும் பாருங்க, அதுக்கெல்லாம் சப்டைட்டிலே வேணாம். தமிழ்ல அக்கா குருவின்னு 2022ல வந்தது இதோட ரீமேக்தான், ஆனா முதல்ல ஒரிஜினல் பாருங்க.

நடுநிசி:
நான் கொரியன் த்ரில்லர்ல ஆரம்பிக்க சொல்வேன். அடுத்து என்னன்னு தெரிஞ்சுக்கற வேகத்துல சப்டைட்டில் படிக்கறது தானா பழகிடும். ஆனா அதுல நிறைய அம்மாவோட உக்காந்து பாக்கற படம் இல்ல, தனியா பாருங்க.

தேநீர்க்கடை:
கடைசிபெஞ்ச் சொல்றதுதான் சரி. ஈரான்ல இவ்ளோ நல்ல குழந்தைப் படம் வந்ததுக்கு ஒரு காரணம் இருக்கு, கானூன்னு சொல்ற அமைப்பு, குழந்தைகளுக்காக 1965ல ஆரம்பிச்சது, லைப்ரரி, புத்தகம், அப்புறம் சினிமா. டைரக்டர் அப்பாஸ் கியரோஸ்தமி வளந்ததே அங்கதான், சில்ட்ரன் ஆஃப் ஹெவனும் அவங்க தயாரிப்புதான். அதனால ரெண்டாவதா கியரோஸ்தமியோட வேர் இஸ் த ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ் (1987) பாருங்க, ஒரு சின்னப் பையன் பைல கூடப்படிக்கறவன் நோட்டு தவறி வந்துடுது, நாளைக்கு நோட்டு இல்லாம போனா வாத்தியார் அந்த நோட்டுக்காரன ஸ்கூல விட்டே துரத்திடுவார், அதனால அவன் வீடு எங்கன்னு தெரியாம இவன் பக்கத்து ஊருக்கு ஓடுறான். பெரியவங்க ஒருத்தரும் அந்தப் புள்ள சொல்றத காது குடுத்துக் கேக்க மாட்டாங்க, பாக்கும்போது நமக்கே பதறும். அவரோட டேஸ்ட் ஆஃப் செர்ரிய மட்டும் முதல்ல எடுக்காதீங்க, கான்ஸ் பட விழால பெரிய விருது வாங்குன படம்தான், ஆனா முக்கால்வாசி காருக்குள்ளயே போகும், பழகாதவங்க பத்து நிமிஷத்துல நிறுத்திடுவாங்க, அந்தப் படத்துக்கு அது நியாயமே இல்ல.

சப்டைட்டிலுக்கு: லேப்டாப்ல விஎல்சின்னு ஒரு வீடியோ பிளேயர்ல ஓட்டுனா எழுத்த பெருசாக்கிக்கலாம், பேசறதுக்கு முன்ன பின்ன சப்டைட்டில் வந்தா ஜி, எச் ரெண்டு பட்டன்ல சரி பண்ணிடலாம்.

மழைக்காலம்:
நேத்து நைட் பாத்தாச்சு. நன்றி கடைசிபெஞ்ச்! அண்ணன் ஓடற ஓட்டப்பந்தயத்துல மூணாவது பரிசுதான் ஷூன்னு தெரிஞ்சதும் அம்மா "ஐயோ மொத ஆளா வந்துடாதடா"ன்னு டிவியப் பாத்து சொல்லிட்டே இருந்தாங்க. அவங்க ஒண்ணு கேட்டாங்க, எனக்கு பதில் தெரியல. வீட்டுக்குள்ளயே இருக்கும்போதும் எதுக்கு படத்துல வர்ற அந்த அம்மா முக்காட எடுக்கவே மாட்டேங்கறாங்க?

தேநீர்க்கடை:
சரியான கேள்வி, அம்மாகிட்ட சொல்லுங்க. அங்க நிஜ வீட்ல புருஷன், புள்ளைங்க முன்னாடி முக்காடு போட மாட்டாங்க. ஆனா 1979ல அங்க நடந்த இஸ்லாமியப் புரட்சிக்கு அப்புறம் வந்த விதிப்படி திரையில பொம்பளைங்க முடி தெரியக்கூடாது, ஏன்னா படம் பாக்கறது வேத்து ஆம்பளைங்களும்தான். புருஷன் பொண்டாட்டியா நடிச்சாலும் தொடக்கூடாது. அதனால அன்பு, கோவம் எல்லாத்தையும் வேற வழில காட்ட கத்துக்கிட்டாங்க. இது தெரிஞ்சப்புறம் அஸ்கர் ஃபர்ஹாதியோட எ செபரேஷன் (2011) பாருங்க, அதுல வயசான, நினைவு தப்புன ஒரு தாத்தா துணியிலயே ஒண்ணுக்குப் போயிடுவார், பாத்துக்க வந்த பொம்பள அவர தொட்டு சுத்தம் பண்ணலாமா, பாவமான்னு மத விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட போன் போட்டுக் கேப்பாங்க. அதுல வசனம் மூச்சு விடாம வரும், பாஸ் பட்டன் பக்கத்துலயே கை இருக்கட்டும்.